எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், கொஞ்சம் சத்தமாக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மாவு மெஷினுக்குக் கொடுத்தனுப்புகிற டப்பா மேல் என் பெயர் மட்டும்தான். வார்த்தை முன்னே பின்னே வரும். ஞாபகமும் அப்படித்தான். காலையில் போட்ட மாத்திரை மறந்துபோகும், கல்யாணத்தன்று யார் பந்தியில் கோவித்துக்கொண்டு எழுந்தார்கள் என்பது மறக்காது. தவக்காலம் வருகிறதே, கோயில் மலருக்கு 'சோதனையில் நிலைத்திருப்பது' பற்றிப் பெரியவர்கள் யாராவது எழுதிக் கொடுங்கள் என்று பூசை முடிவில் கேட்டார்கள். எல்லோரும் சட்டென்று குனிந்து எதையோ தேடினார்கள். எனக்கு முட்டி வலி, சீக்கிரம் குனிய முடியாது. மாட்டிக்கொண்டேன்.

இதை மலரில் போடலாமா கூடாதா என்று படித்து முடித்தபிறகு நீங்களே சொல்லுங்கள்.

என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அது தானாக வந்து காலில் ஒட்டியது. என் காலில் இல்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண் காலில். பூசை முடிந்து நானும் மருமகளும் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தோம். நம் ஊரில்தான் ஞாயிற்றுக்கிழமையானால் மஞ்சள் சுவர் எங்கே இருந்தாலும் அதில் ஒருத்தி சாய்ந்துகொண்டு போட்டோவுக்கு நிற்பாளே. இந்தப் பெண் போட்டோ எடுக்கவில்லை, பாவம், மதில் மேலே தொங்கிய காகிதப்பூவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே மாடு ஒன்று அப்போதுதான் போட்டுவிட்டுப் போயிருந்தது. காலைச் சரியாக நடுவில் வைத்தாள். வைத்ததும் சொன்னாள் பாருங்கள்:

"மெர்து!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, என் தொண்டையிலிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று வந்துவிட்டது.

மருமகளுக்கு முகம் செத்துப்போச்சு. "இன்னா அத்தே இது, நடுத்தெருவுல!" என்றாள். அந்தப் பெண்ணோ நான் ஏதோ ஆசீர்வாதம் பண்ணியதாக நினைத்து, சாணிக் காலோடு நின்று, இரண்டு கையையும் கூப்பி "மெர்சி" என்று நன்றி சொன்னாள். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மருமகள் ஓடிப்போய் பிரஷர் மாத்திரையை எடுத்து வந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம், அவள் எதை மிதித்தாளோ அதுதான். மாட்டினுடையதுக்கும் பொருந்தும், மனுஷனுடையதுக்கும் பொருந்தும். தமிழில் எழுதினால் மலரை யாரும் கையால் தொடமாட்டார்கள், அதனால் பிரெஞ்சிலேயே விட்டுவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விரல் நசுங்கினாலும் பஸ்ஸைத் தவறவிட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கெட்ட வார்த்தை. ஆனால் எனக்கு அது என் வீட்டுக்காரர் இஞ்ஞாசியின் ஜெபம்.

அவருக்கு அது வந்த வழி இது. என் மாமனார் சின்ன வயதில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டுச் சமையல்கட்டில் கோழி உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மொசியே, அதாவது துரை, படியில் இடித்துக்கொண்டாலும், மை கொட்டினாலும், பெண்டாட்டி கூப்பிட்டாலும் இந்த ஒரு வார்த்தைதானாம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது கப்பலில் என்னென்னவோ ஏற்றிக்கொண்டு போனார்கள், இதை மட்டும் எங்கள் மாமனாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். குடும்பச் சொத்து. ஒரே பிள்ளை என்பதால் பாகப் பிரிவினை இல்லாமல் இவருக்கு வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் எனக்கு அர்த்தம் தெரியாது. பால் பொங்கினால் அவர் சொல்வார், கொடி அறுந்தால் சொல்வார். 'அட கடவுளே' மாதிரி ஏதோ பக்தியான சொல் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பழைய மதரைப் பார்க்க முறுக்கு எடுத்துக்கொண்டு போனேன். தட்டு கை நழுவியது. நானும் பக்தியாக, "மெர்து" என்றேன். மதர் பிரெஞ்சுச் சீமையிலிருந்து வந்தவர். முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, "உன் புருஷனுக்கு எங்கே வேலை?" என்று மட்டும் கேட்டார்.

மில்லில் வேலை. நெசவுப் பகுதி. சட்டையில் பஞ்சும் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை இருக்கும், சோப்பு போட்டால்கூடப் போகாது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால் நாலு வீட்டில் எடுத்து வைப்பார்கள். நான் நேர்மாறு. யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் மீன்காரியிடமும் எல்லாம் அவர்தான் பேசுவார். கோயிலில்கூட நான் உதட்டை மட்டும் அசைப்பேன். சாமிக்குக் காது நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு எண்ணம். அப்போதெல்லாம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொல்கிற பதில் இந்தப் பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நிம்மதியாக இருப்பேன். சந்தைக்குப் போவது போலத்தான் மோட்சத்துக்கும், அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்விடலாம் என்றிருந்தேன்.

அப்புறம் சைக்கிள் விழுந்தது.

சாம்பல் புதன் கழிந்த வாரம். பின்கட்டில் கண்ணாடியை ஆணியில் மாட்டிச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பு உருளுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கீழே கிடக்கிறார், பாதி முகத்தில் சோப்பு நுரை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மாதான் அந்த நுரையைத் துடைத்துவிட்டாள். பாதி சவரம் பண்ணின முகம், பாதி பண்ணாத முகம். உடம்பும் அதே மாதிரி ஆகிவிட்டது. இடப்பக்கம் வேலை செய்தது, வலப்பக்கம் லீவு எடுத்துக்கொண்டது. பேச்சு சுத்தமாக நின்றுபோனது.

எங்கள் உபதேசியார், ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், பார்க்க வந்தார். "சோதனைம்மா. தங்கத்தப் புடம் போடற மாதிரி ஆண்டவரு நம்மளப் புடம் போடறாரு. சந்தோஷமா ஏத்துக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் இருப்பது கவரிங் ஐயா, அதைப் போய்ப் புடம் போட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் நான் எங்கே பேசினேன்?

உபதேசியார் அவர் தலைமேல் கை வைத்து நீளமாக ஜெபம் பண்ணினார். முடிந்ததும் வார்டில் இருந்த எல்லோரும் 'ஆமென்' என்றார்கள். கட்டிலிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

"மெர்து."

"பேசிட்டாரு! பேசிட்டாரு!" என்று நான் கத்தினேன். உபதேசியாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "அந்நிய பாஷை பேசறாரும்மா! தூய ஆவி இறங்கிட்டாரு!" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. நான் மறுக்கவில்லை. அந்நிய பாஷைதானே, பொய் இல்லையே.

அதற்கப்புறம் வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், விசிறியைப் போடு என்றாலும் அதுதான், என்னைக் கூப்பிட்டாலும் அதுதான். கதிர்காமத்துப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா விளக்கிச் சொன்னாள். யோசித்துப் பேசுகிற பேச்சு மூளையில் ஒரு இடத்தில் இருக்குமாம், அது போய்விட்டதாம். "யோசிக்காம தானா வருமே, ஜெபம், பாட்டு, கெட்ட வார்த்த, அதெல்லாம் வேற ரூம்ல இருக்கும்மா. அங்கேர்ந்து ஏதாச்சும் ஒண்ணு தப்பிச்சு வரும்" என்றாள்.

ஜெபமும் கெட்ட வார்த்தையும் ஒரே ரூமில். சரி, இருக்கட்டும். ஆனால் அந்த ரூமுக்குள் ஆண்டவர் கையை விட்டு ஒன்றை எடுத்தார் அல்லவா, அதில்தான் எனக்கு ஆத்திரம். ஜெபமாலை முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரார்த்தனை முழுதும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். அத்தனையும் உள்ளே இருக்க, 'இயேசுவே' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கக்கூடாதா?

எங்கள் வீட்டில் திரு இருதயப் படம் இருக்கிறது. அதன் கீழே குண்டுமணி அளவில் ஒரு சிவப்பு பல்பு, இரவும் பகலும் எரியும். நான் அந்த சுவிட்சை அணைத்துவிட்டேன். "எங்க ஊட்டுக்காரரு பேசற வரைக்கும் நீங்க இருட்டுல இருங்க" என்று படத்திடம் சொன்னேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாக ஆண்டவரிடம் வாய்விட்டுப் பேசியது அதுதான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பல்பு எரிகிறது. அவர்தான், சுவரைப் பிடித்து நகர்ந்து வந்து, இடது கையால் போட்டிருக்கிறார். நான் அணைப்பேன், அவர் போடுவார். அந்தத் தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த சண்டை இதுதான். கடைசியில் சுவிட்சு லூசாகிவிட்டது.

கோயிலுக்கு முதன்முதலாக அழைத்துப்போன அன்று, அவரை எங்கே உட்காரவைப்பது என்று குழப்பம். ஆண்கள் பக்கம் விட்டால் சாய்ந்து விழுவார், நான் பிடிக்க முடியாது. அதனால் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், நடைபாதை ஓரமாக உட்காரவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். முக்காடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு வழுக்கைத் தலை. அதற்கே திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் பீடத்திலிருந்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். கோயில் பதில் சொல்லி அடங்கியதும், ஒரு நொடி பின்தங்கி, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தத் தொண்டையிலிருந்து வந்தது.

"மெர்து."

முக்கால்வாசி ஜனத்துக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம் வியாதிக்காரர் என்று திரும்பிக்கொண்டார்கள். முன் பெஞ்சில் மட்டும் மூன்று தலைகள் விறைத்துப்போய் நின்றன. பிரெஞ்சு தெரிந்த தலைகள். நடுவில் இருந்தது எங்கள் தெருக்கோடி மதாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா குடும்பம் என்பார்கள். மதாம் ஒரு சொல்தாவின் விதவை. நேராக நடப்பாள், குடையைக் கைத்துப்பாக்கி மாதிரி பிடிப்பாள்.

பூசைக்குப் பிறகு மாதா பிரார்த்தனை ஆரம்பித்தது. ஆண்டவரே, அதை எப்படி எழுதுவேன். மாதாவின் பட்டம் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் நாம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்ல வேண்டும். இவர் தாளம் தப்பாமல் சொன்னார். "தாவீதின் கோபுரமே." "மெர்து." "பொன்மயமான ஆலயமே." "மெர்து." விட்டால் முழுப் பிரார்த்தனையும் நாறிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். அவர் சொல்கிற அதே நேரத்தில், அவர் குரல் வெளியே தெரியாதபடி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று கத்தினேன். அடுத்ததற்கும் கத்தினேன். மூச்சு வாங்கியது. எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

உபதேசியார் வாசலில் பிடித்துக்கொண்டார். "பாத்தியாம்மா, சோதனைல உன் பக்தி எப்பிடிக் கூடிப்போச்சு! கோயிலே அதிருது!"

கொஞ்ச நாள் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைத் தூணோரம் உட்காரவைத்துவிட்டு, கிழிந்த பீடத்துணி தைத்துத் தந்ததைக் கொடுக்கலாமென்று சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைப் பக்கம் போனேன். உள்ளே மதாம் பேசிக்கொண்டிருந்தாள். சாமியார் விருத்தாசலம் பக்கத்துக்காரர், இளவயது, பிரெஞ்சு வாசனையே தெரியாது.

"சாமி, இஞ்ஞாசி பூசைல ஒரு வார்த்த சொல்றாரே, அதுக்கு அர்த்தம் தெரியுமா?"

"வியாதிக்காரரும்மா. வாய் கொழறுது."

"கொழறல சாமி, சுத்தமாச் சொல்றாரு. அது பிரெஞ்சு."

"அப்படியா! இஞ்ஞாசிக்கு பிரெஞ்சு தெரியுமா?" சாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

"கெட்ட வார்த்த சாமி."

"என்ன அர்த்தம்?"

குடை தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "மாடு போடும் சாமி."

"கன்னுக்குட்டியா?"

"இல்ல சாமி. தெனமும் போடும்."

அப்புறம், "ஓ" என்றார் சாமியார்.

"நன்ம அப்பம் குடுக்கும்போது உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு சாமி. நீங்க ஆமென்னு நெனச்சிகினு குடுத்துட்டீங்க."

நான் துணியை வாசற்படியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். அதற்குள் சாமியார் வெளியே வந்துவிட்டார். தலையைச் சொறிந்தார். "அம்மா, கொஞ்ச நாளைக்கு வெளி மண்டபத்துல உக்காந்து பூச பாக்கலாமே. இல்லன்னா சொல்லுங்க, நானே ஊட்டுக்கு வந்து நன்ம குடுக்கறேன்." நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் தொல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. சாமியாரே சொல்லிவிட்டார், இனிமேல் போகவேண்டாம். பெண்கள் திரும்பிப் பார்க்கிறது இல்லை, தொண்டை கிழியக் கத்துகிறது இல்லை. நிலைத்திருப்பதாவது ஒன்றாவது, என்னைப் படுக்கவிடுங்கள் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படுத்தேன். கண்ணை மூடினேன். மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டுத் திறந்தால், எதிரே அவர் நிற்கிறார். ஒற்றைக் கையால் சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் ஒன்று தள்ளி மாட்டி, ஒரு பக்கம் தொங்க ஒரு பக்கம் ஏறி. வேட்டியை எப்படியோ சுற்றி பெல்ட்டால் இறுக்கியிருந்தார். கழுத்தில் ஜெபமாலை.

"மெர்து?" என்றார். போகலையா என்று கேட்கிறார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "உன்ன அங்க வேணாங்கறாங்கய்யா! போயி இன்னா பண்ணப் போற? சாமியத் திட்டறதுக்கா?" அவரை நான் நீ என்று சொன்னது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

அவர் மெல்ல நகர்ந்து படத்தடிக்குப் போனார். பல்பு அணைந்திருந்தது, நான் அணைத்ததுதான். இடது கையால் சுவிட்சைப் போட்டார். லூசு சுவிட்சு, இரண்டு தடவை தட்டவேண்டியிருந்தது. எரிந்ததும் தலையைக் குனிந்து, மிக மெதுவாக, இழுத்து, "மெர்து" என்றார்.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். தினமும் ஜெபமாலை முடிந்ததும் 'இயேசுவே இரக்கமாயிரும்' என்று ஒரு இழுப்பு இழுப்பாரே, அதே இழுப்பு. அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. உள்ளே எல்லா ஜெபமும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. வெளியே வருவதற்கு வாசல்தான் ஒன்றே ஒன்று, அந்த வாசலில் சாணி. வாசலில் சாணி தெளிப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே? அதற்காக வீட்டுக்குள் போகாமல் இருப்போமா?

சட்டையைக் கழற்றிச் சரியாகப் பொத்தான் போட்டுவிட்டேன். கிளம்பினோம். எனக்கு அன்று விசுவாசம் இருந்தது என்று சொன்னால் பொய். அவரிடம் விசுவாசம் இருந்தது, என்னிடம் நல்ல கால் இரண்டு இருந்தது.

வெளி மண்டபத்தில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். வெளியிலிருந்தும் அவர் பதில் உள்ளே போனது, அதைத் துரத்திக்கொண்டு என் குரலும் போனது. செருப்புக்குக் காவல் படுத்திருக்கிற நாய் ஒன்று எங்களோடு பழகிவிட்டது, பிரார்த்தனை ஆரம்பித்தால் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம். கோயிலுக்குள் வரிசை நிற்கிறது. இவர் என் கையை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டார். எனக்கு உயிர் போச்சு. பாவத்தைச் சொல்வதற்கு வார்த்தை வேண்டாமா? எங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பினால், குடையோடு மதாம்.

அப்போது தேக்குமரத் தொட்டி இருந்தது, நடுவில் சாமியார் உட்கார்ந்திருப்பார், ஓரத்தில் ஜல்லடை வழியாக நாம் பேசவேண்டும். இவரால் முழங்கால் போட முடியாது, முக்காலி போட்டு உட்காரவைத்தேன். அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதே பாவம் என்று மதர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் தள்ளிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் ஆனது. வரிசையில் நிற்கிறவர்கள் தோள் குலுங்கச் சிரிப்பதைப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பு நின்றதையும் பார்த்தேன். மதாம் காதைப் பொத்தவில்லை. நேராக நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குடை கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

தொட்டியிலிருந்து சாமியார் தானே இறங்கி வந்து அவரைத் தூக்கிவிட்டார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்லா பாவசங்கீர்த்தனம் பண்ணாரும்மா. அபராதமா பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லியிருக்கேன்."

"அவருக்குச் சொல்ல வராதே சாமி."

"அப்ப நீங்க சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழமேலேர்ந்து உள்ளயே உக்காருங்க."

இன்றுவரைக்கும் நான் எந்தப் பாவத்துக்கு அந்தப் பத்தையும் சொன்னேன் என்று தெரியாது. பத்து கொடுத்திருக்கிறார் என்றால் ஏதோ பெரிதாகத்தான் பண்ணியிருக்கிறார்.

மதாம் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒண்ணு வுடாம சொன்னாரு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரருக்கு பிரெஞ்சு, தமிழு, ரெண்டும் தண்ணி மாதிரி வரும். சாகற வரைக்கும் இந்தத் தொட்டிப் பக்கம் வந்ததே இல்ல." அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு, வழக்கமான மிடுக்கு வந்து, "ஆனா உச்சரிப்பு சரியில்ல. நடு எழுத்து தொண்டையிலேர்ந்து வரணும். சொல்லி வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு முன் பெஞ்சை விட்டுவிட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்து அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். கண்காணிக்க வந்ததாகத்தான் சொன்னாள். பிரார்த்தனையில் நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் பிடித்துக்கொள்வாள், கீச்சுக் குரல். சில நாள் அவர் அழகாகச் சொல்லிவிட்டால், "த்ரே பியேன், மொசியே இஞ்ஞாசி" என்று பாராட்டி முணுமுணுப்பாள். அவர் வாயின் நல்ல பாதி சிரிக்கும்.

அப்படிச் சில வருஷம். சோதனை நீங்கியதா என்றால் இல்லை. கை வரவில்லை, வேறு வார்த்தையும் வரவில்லை. சும்மா போய்க்கொண்டே இருந்தோம். மலருக்குக் கேட்ட விஷயம் இதுதான் என்றால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கடைசியில் ஒரு மழை நாள் காலையில் சாமியார் வீட்டுக்கு வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுவார்களே, அந்த அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மதாம், இந்தப் பக்கம் நான். பிரார்த்தனை சொன்னார்கள். நான் பழக்கத்தில் கத்தினேன். வீட்டுக்குள் கேட்டு முகம் சுளிக்க யாரும் இல்லை, அவர் குரலை மூடுவதற்குக் காரணமும் இல்லை, ஆனாலும் கத்தினேன். "விடியற்காலத்து நட்சத்திரமே." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" முடிந்து நான் வாயை மூடியபோது அவரும் மூடியிருந்தார், கண்ணையும் சேர்த்து. "கடேசி வரிக்கும் சொன்னாரு, ஒண்ணுகூட வுடல" என்று மதாம் சொன்னாள். அவள் கேட்டிருக்கிறாள்.

இப்போது அந்தத் தேக்குமரத் தொட்டி இல்லை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நேருக்கு நேர் பேசச் சொல்கிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்து உட்காருகிறார்கள். மில்லும் இல்லை, மில் சங்கும் இல்லை. மதாம் மகனோடு பிரான்சுக்குப் போனாள், அங்கே பனிக்காலத்தில் போய்விட்டதாகச் சேதி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக பிரெஞ்சு படிக்கிறார்கள், இந்த வார்த்தை பாடத்தில் இல்லையாம். திரு இருதயப் படத்துக்கு மகன் புது விளக்கு வாங்கி மாட்டியிருக்கிறான், சுவிட்சே கிடையாது. கோவித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

நான் மட்டும் அதே கடைசி பெஞ்சில். இப்போதும் சத்தமாகத்தான் சொல்கிறேன். கூச்சமெல்லாம் இருக்கிறது, ஆனால் பிரார்த்தனை ஆரம்பித்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது. கீபோர்டு வாசிக்கிற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மைக் இருக்கே பாட்டி, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நான் கத்தி முடித்து ஒரு நொடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் குரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாக இருக்கும். அந்த வருஷங்களில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். பிரார்த்தனையில் அவர் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும்? கட்டையாகவா, கடைசியில் கொஞ்சம் இழுத்தா? நான் எப்போதும் அது மேலேயே கத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.